லயத்துக் காம்பராவில் கடவுச்சொல் பெட்டகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் டியூஷன் நிலையம் நடத்தும் தம்பி ஒருவர் கடவுச்சொற்களை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். கொப்பி மழையில் நனைந்த பிறகுதான், சொந்த சர்வரில் வோல்ட்வார்டன் என்ற கடவுச்சொல் பெட்டக மென்பொருளைப் போட்டுத்தரச் சொன்னார். நிலையத்தின் வேர்ட்பிரஸ் தளம் அதே சர்வரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "முகவரிக்கு முன்னால வேற பேர் போட்டு புது சப்டொமைன் எதுக்கு அண்ணே, இருக்கிற முகவரிக்குப் பின்னால சாய்கோடு போட்டு 'சாவி'ன்னு வச்சிடுவோம்" என்றார்.

வைக்கலாம். ஆனால் பெரிய தவறு அந்த யோசனையிலேயே இருக்கிறது. பிரவுசர் ஒரு தளத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பது நெறிமுறை, டொமைன் பெயர், போர்ட் ஆகிய மூன்றையும் வைத்துத்தான். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பாதையை அது கணக்கில் எடுப்பதில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் காம்பராவுக்கு ஒரு கதவு உண்டு, கூரை மட்டும் எல்லாருக்கும் ஒன்று. ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரையோடு ஓடி அடுத்தவர் சாமானையும் எரித்துவிடும். வேர்ட்பிரஸின் பழைய பிளகின் ஒன்றில் இருக்கும் ஓட்டை வழியாக யாராவது ஸ்கிரிப்ட் ஒன்றைப் புகுத்தினால், அதே பிரவுசரில் பெட்டகம் வைத்திருக்கும் தரவையும் அதனால் தொட முடியும். பாதைக்கு ஒரு நன்மை உண்டு: சப்டொமைனுக்குத் தனிச் சான்றிதழ் எடுத்தால் அதன் பெயர் பொதுப் பதிவேடுகளில் தெரியும், பாதை அங்கே தெரியாது. ஆனாலும் ஒளித்து வைத்ததை எல்லாம் பூட்டி வைத்ததாக நினைக்கக் கூடாது. வேறு ஏதாவது ஓடும் டொமைன் என்றால் நான் சப்டொமைனைத்தான் சொல்வேன்.

பாதைதான் வேண்டும் என்றால், அதிக நேரத்தைத் தின்பது, வரும் கோரிக்கைகளை வோல்ட்வார்டனுக்குக் கடத்திவிடும் இன்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் புரொக்சி முகவரியின் கடைசியில் போடும் ஒற்றைச் சாய்கோடு. அதைப் போட்டால் 'சாவி' என்ற பகுதி வெட்டப்பட்டு மிச்சம் மட்டும் உள்ளே போகும். வோல்ட்வார்டனோ முழுப் பாதையோடு வருவதையே எதிர்பார்க்கும். தோட்டத்து ஒபீசுக்கு வந்த கடிதம் லய இலக்கம் இல்லாமல் அங்கேயே கிடப்பது மாதிரி, பக்கம் இல்லை என்ற 404 பிழை வரும். சாய்கோட்டை எடுத்துவிடுங்கள்.

வோல்ட்வார்டனின் டொமைன் அமைப்பிலும் எச்டிடிபிஎஸ் தொடக்கம் பாதை வரை முழு முகவரியும் இருக்க வேண்டும். எழுதியும் மாறவில்லையா? நிர்வாகப் பக்கத்தில் ஒருமுறை 'சேவ்' அழுத்தியிருந்தால், தரவுக் கோப்புறையில் உள்ள கொன்பிக் ஜேசன் கோப்புதான் செல்லும், வோல்ட்வார்டனை ஓட்டும் டொக்கரின் அமைப்பில் நீங்கள் எழுதியது செல்லாது. இதில் எனக்கு ஒரு முழு இரவு போனது.

எச்டிடிபிஎஸ் இல்லாமல் பார்ப்போம் என்பதும் வீண்வேலை. பிரவுசரின் மறையாக்க வசதி பாதுகாப்பான இணைப்பில்தான் இயங்கும். போன் செயலியில் சர்வர் முகவரி கொடுக்கும்போது பாதையையும் சேர்த்துக் கொடுங்கள். மாற்றங்களை உடனுக்குடன் தெரிவிக்கும் வெப்சொக்கெட் இணைப்புக்கான அப்கிரேட் தலைப்புகளை இன்ஜின்எக்ஸில் விட்டுவிட்டால் பெட்டகம் திறக்கும், ஆனால் ஒரு கருவியில் மாற்றியது மற்றதில் உடனே வராது. உங்கள் கணக்கைத் திறந்த கையோடு மற்றவர்கள் புதிதாகக் கணக்குத் திறக்கும் வசதியை மூடிவிடுங்கள்.

கடைசியாக பெக்கப். காற்றுக்கு மரம் விழுந்து கரன்ட் போவது இங்கே புதினமில்லை. பெட்டகத்தின் தரவு இருக்கும், ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பை அப்படியே கொப்பி பண்ணினால் பாதி எழுதிய நிலையில் மாட்டலாம். எஸ்கியூலைட்டின் சொந்த பெக்கப் கட்டளையால் எடுத்து, இணைப்புக் கோப்புகளையும் உள்நுழைவுகளைச் சரிபார்க்க வோல்ட்வார்டன் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ சாவிக் கோப்பையும் சேர்த்து வேறொரு இடத்தில் வையுங்கள். சர்வர் படுத்திருக்கும்போதும், ஏற்கெனவே உள்நுழைந்த போனில் பழைய கடவுச்சொற்களைப் பார்க்கலாம். புதிதாகச் சேர்க்க மட்டும் கரன்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும்.