வருஷக்கணக்கில் நின்ற டிராக்டரை வாங்கி ஓட வைப்பது எப்படி?

களத்து ஓரத்தில் டயரைச் சுற்றிப் புல் முளைத்து நிற்கும் பழைய மாஸி ஃபெர்குசன் 1035-ஐ நம் ஊர்ப்பக்கம் எங்கே போனாலும் பார்க்கலாம். சென்னை டாஃபே தயாரிப்பு, மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின், 36 குதிரைத்திறன். முதன்முதலாகப் பழைய டிராக்டர் வாங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உதிரிபாகம் சின்ன டவுனில்கூடக் கிடைக்கும், கைவைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் பக்கத்திலேயே இருப்பார்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கிய அன்றே புது பேட்டரி மாட்டி செல்ஃப் அடிக்காதீர்கள். இன்னொரு டிராக்டரில் கட்டி இழுக்கவும் வேண்டாம். துருப்பிடித்து நிற்கும் இன்ஜினை அப்படிச் சுற்றினால் பிஸ்டன் ரிங் உடையும், வால்வைத் தள்ளும் புஷ் ராட் வளையும். நல்ல இன்ஜின்கள் பலவும் அந்த அவசரத்தில்தான் வீணாகின்றன.

விலை பேசும் முன்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேங்க் கடன் பதிவாகியிருந்தால் கடன் தீர்ந்த சான்றும், ஆர்.சி.யில் அந்தக் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றப் படிவம் 29, 30. பதிவு 15 வருஷம்தான் செல்லும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நின்ற வண்டிகளில் இது பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

வண்டியைப் பார்ப்பது

நேராக சைலன்சரைப் பாருங்கள். மேலே டப்பாவோ கொட்டாங்குச்சியோ கவிழ்த்து வைத்திருந்தால் நல்ல சகுனம். வாய் திறந்தே இருந்தால் மழைத்தண்ணீர் அதன் வழியே இறங்கி, திறந்திருக்கும் வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள் போயிருக்கலாம்.

அடுத்து ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கவலையில்லை. மோர் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜின் ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட் போயிருக்கலாம், இன்ஜினில் விரிசலாகவும் இருக்கலாம். இன்ஜினைப் பிரிக்கும் செலவைச் சேர்த்துத்தான் அந்த வண்டிக்கு விலை சொல்ல வேண்டும். பின் டயர்களின் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் இரண்டும் போன கணக்கு. அது பெரிய தொகை.

கையால் சுற்றுவது

கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் மூன்றையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு முன்பக்க கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாக அசையுங்கள். நகரவில்லையா, மறுபடி ஊற்றிப் பொறுத்திருங்கள். நீளமான பைப்பை மாட்டித் தொங்க வேண்டாம். ஒரு நூலளவு அசைந்தாலும் போதும், முன்னும் பின்னுமாக ஆட்டினால் வழிக்கு வந்துவிடும்.

முழுச் சுற்று வந்ததும் இன்ஜின் மேலுள்ள டேப்பட் கவரைத் திறந்து, சுற்றும்போது எல்லா வால்வும் இறங்கி ஏறுகிறதா என்று பாருங்கள். மேலே வராமல் ஒட்டிக்கொண்ட வால்வு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

டீசல், ஆயில், காற்று

டேங்க் அடியிலுள்ள திருகைத் திறந்தால் முதலில் செங்கல் நிறத் தண்ணீர் வரும், பின்னால் கொழகொழவென்று கறுப்பாகப் பாசி மாதிரி ஒன்று வரும். டேங்கைக் கழற்றிக் கழுவிவிடுங்கள். டீசல் ஃபில்டர், இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர் எல்லாம் புதிது. நாசிலை டீசல் பம்பு சர்வீஸ் கடையில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். ஏர் கிளீனர் கிண்ணத்து ஆயிலைக் கொட்டிக் கழுவுங்கள். குழாய்க்குள் எலிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்

நாசிலை மாட்டாமலேயே, இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். சிலிண்டரில் ஊற்றிய ஆயில் பீறிட்டு வெளியே வரும், அதனால் துணி போட்டுத் தள்ளி நில்லுங்கள். செல்ஃப் மோட்டாரை ஆறவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை திரும்பச் செய்யுங்கள்.

இப்போது நாசிலை மாட்டி ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் பாதையில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். முதலில் டீசல் ஃபில்டர் திருகு, அடுத்து டீசல் பம்பு, கடைசியாக நாசில் பைப் நட்டு என்று வரிசையாகத் தளர்த்துங்கள். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். பைப் முனையில் கை வைக்கவே வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பக்கத்தில் ஒரு பலகையோடு ஆள் நிற்கட்டும். நெடுநாள் நின்ற பம்பு ஒட்டிக்கொண்டால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும். ஸ்டாப் நாப் கேட்காவிட்டால் காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையால் பொத்தக் கூடாது.

ஓடத் தொடங்கியதும் வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வரும், சூடேறினால் குறையும். ஆயில் பிரஷர் ஏறாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். இருபது நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, சூட்டோடு அந்த ஆயிலையும் இறக்கிப் புதிது ஊற்றுங்கள். கிளட்ச் மிதித்தும் கியர் விழாமல் கரகரத்தால் பிளேட் ஒட்டியிருக்கிறது என்று பொருள். அதையும் பிரேக்கையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்த பிறகே ரோட்டில் ஏற்றுங்கள். டிரெய்லர் மாட்டுவது அதற்கும் அப்புறம்தான்.