கிராவல் ரேஸில் எந்தத் தூரம்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சைக்கிள் ரைடு முடிந்து செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக எங்களோடு ஓட்ட வந்திருக்கும் தம்பி ஒருவன் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணா, மலை ரேஸுக்கு 150 கிலோமீட்டர் போட்டுட்டேன். தார் ரோட்டுல 200 ஓட்டியிருக்கேன், இது வந்துடும்ல?" என்றான். துணியைக் கீழே வைத்துவிட்டேன். சில வருடங்களுக்கு முன்னால் அட்சரம் பிசகாமல் இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன்.

தண்ணீர் மறக்காதே, டியூப் மறக்காதே என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கிராவல் ரேஸ், அதாவது சரளைப் பாதையில் நடக்கும் சைக்கிள் பந்தயத்தின் பதிவுப் படிவத்தில் தூரத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது

அமெரிக்காவின் கான்சாஸில் நடக்கும் அன்பவுண்ட் கிராவலின் பெயர்பெற்ற தூரம் 200 மைல், அதாவது சுமார் 320 கி.மீ. யூட்டாவில் நடக்கும் கிரஷர் இன் த டுஷார் சுமார் 110 கி.மீ.தான். ஆனால் இரண்டிலும் மொத்த ஏற்றம் கிட்டத்தட்ட ஒன்று: 3,000 மீட்டரைத் தாண்டும். கான்சாஸில் அது சின்னச் சின்ன மேடுகளாகச் சிதறிக் கிடக்கிறது. யூட்டாவில் நீள நீளமான ஏற்றங்களாக வருகிறது. முடிவுக் கோடே சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். 110 என்ற எண்ணைப் பார்த்து 'அரை நாள் வேலை' என்று நினைப்பவர் இதையெல்லாம் எங்கே பார்க்கப் போகிறார்?

சராசரி வேகத்தால் வகுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். நான் செய்ததும் இதுதான், இன்று எல்லோரும் செய்வதும் இதுதான்.

என் கணக்கு இப்படி இருந்தது. தூரம் 150 கி.மீ. தார் ரோட்டில் என் சராசரி 24. சரளைக்குக் கொஞ்சம் குறைத்து 20 என்று வைத்தால் ஏழரை மணி நேரம். மொத்த நேர வரம்பு 10 மணி நேரம். இரண்டரை மணி நேரம் கையிருப்பு! படம் எடுக்கக்கூட நேரம் இருக்கும் என்று நினைத்தேன்.

நான் பார்க்காமல் விட்டது 88-ஆவது கிலோமீட்டரில் இருந்த செக்பாயின்ட். புறப்பட்டு 6 மணி நேரத்தில் அதை மூடிவிடுவார்கள். அந்த ரேஸின் மொத்த ஏற்றம் 2,800 மீட்டர். அதில் 1,900 அந்த 88 கிலோமீட்டருக்குள்ளேயே இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பாதையின் குறுக்கே நாடா கட்டியிருந்தது. 17 நிமிடம் தாமதம். காலில் இன்னும் தெம்பு இருந்தது, அதுதான் கொடுமை. தன்னார்வலர் ஒருவர் என் நம்பர் அட்டையில் பேனாவால் ஒரு கோடு போட்டார். வேன் வரும்வரை ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் சரியான கணக்கைப் போட்டேன். சைக்கிளோடு சேர்த்து 85 கிலோ இருந்தால், 150 வாட்டில் மிதித்து 1,000 மீட்டர் உயர்வதற்கு, புவியீர்ப்புக்கு மட்டுமே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சரளையின் உராய்வு தனி. எனக்கு நீண்ட ஏற்றத்தில் மணிக்கு 550 மீட்டர் உயரம்தான் வருகிறது. அப்படியானால் 1,900 மீட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். சராசரி 6 சதவீதச் சரிவு என்றால், அதில் கடந்திருப்பது வெறும் 32 கி.மீ. மிச்சமிருக்கும் 56 கிலோமீட்டருக்கு மணிக்கு 22 என்று வைத்தால் இரண்டரை மணி நேரம். கூட்டினால் 6 மணி நேரம். தண்ணீர் பிடிக்கவும் வாயில் ஏதாவது போடவும் நின்றதைச் சேர்த்தால், அதே 17 நிமிடம் வந்து நிற்கிறது!

இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்பார்கள். தாரில் பிடிக்கலாம். வாஷ்போர்டு மாதிரி வரிவரியாக எழும்பிய சரளையில், கண்ணுக்குத் தெரியாத வளைவில், பிரேக் லீவரைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போன பிறகு யாரும் பறப்பதில்லை.

அதனால் மூன்று எண்களைத் தேடுங்கள்: ஒவ்வொரு செக்பாயின்ட்டும் மூடும் நேரம், அதுவரைக்குமான ஏற்றம், உங்களுக்கு மணிக்கு எத்தனை மீட்டர் ஏற வரும் என்பது. மூன்றாவதை யாரும் தரமாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாத சரளை ஏற்றம் ஒன்றை, ரேஸில் போகிற நிதானத்தில் ஏறிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து நிமிட மேட்டில் வரும் எண் பொய் சொல்லும்.

"முடியலன்னா நடுவுல சின்ன ரூட்டுக்குத் திரும்பிக்கலாம்"

சில ரேஸ்களில் திரும்பலாம், சிலவற்றில் திரும்பினால் தரவரிசையில் இடம் கிடையாது. விதியைப் படியுங்கள். அனுமதித்தாலும், பாதைகள் பிரியும் இடம் பெரும்பாலும் முன்பாதியிலேயே வந்துவிடும். அப்போது கால் புதிதாக இருக்கும், கூடவே நாலு பேர் போவார்கள். அந்த நேரத்தில் யார் திரும்புவார்?

இருக்கிற கியரோடு நீண்ட தூரம்

முன்னால் 40 பல், பின்னால் 40 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு சைக்கிள் சுமார் 2.2 மீட்டர் நகரும். மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் ஏறும்போது நிமிடத்துக்கு 53 சுற்றுதான் வரும். 30-ஆவது கிலோமீட்டரில் அதைச் சமாளிக்கலாம். 110-இல் முழங்கால் கேள்வி கேட்கும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். கேசட்டை (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பை) மாற்றுங்கள், இல்லை தூரத்தைக் குறையுங்கள்.

நண்பன் எடுத்த தூரத்தை எடுப்பது

அவன் எடை 58 கிலோ. ஏற்றத்தில் அவன் கணக்கே வேறு.

சின்னத் தூரத்தைக் கேவலமாக நினைப்பது

அதில் முன்னால் போகும் கூட்டத்தோடு ஒருமுறை ஒட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

பதிவை மாற்றக் கூச்சப்படுவது

பல ரேஸ்களில் ஒரு குறிப்பிட்ட தேதிவரை தூரத்தை மாற்றிக்கொள்ளலாம். பதிவு செய்த அன்றே அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டோமே என்று அதைத் தாண்டவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

தம்பிக்கும் இதே கணக்கைச் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மெசேஜ் வந்தது: "அண்ணா, போட்டுப் பாத்துட்டேன், 12 நிமிஷம் மிச்சம் இருக்கு!"

"பஞ்சருக்கு எவ்வளவு நேரம் போட்டே?" என்று கேட்டேன். பார்த்துவிட்டான், பதில் இன்னும் வரவில்லை. மாற்றுவதற்கான கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது.