வீட்டிலேயே செய்யலாம் லாரி கியர் லிவர்: ட்ரக் சிமுலேட்டர் ஓட்டுபவர்களுக்கு

யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2, அமெரிக்கன் ட்ரக் சிமுலேட்டர் ஆகிய லாரி ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் இரண்டையும் ஸ்டியரிங் வைத்து ஓட்டிப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, கையால் கியர் போட வேண்டும் என்பதுதான். கடையில் கிடைக்கும் ஷிஃப்டர்கள் பெரும்பாலும் காருக்கானவை. லிவர் குட்டையாக இருக்கும், கைப்பிடியில் ரேஞ்ச் (அதே இடங்களை மேல் கியர்களாக மாற்றுவது), ஸ்ப்ளிட்டர் (ஒவ்வொரு கியரையும் இரண்டாகப் பிரிப்பது) சுவிட்சுகள் இருக்காது. லாரி கியரின் உயிரே அந்த இரண்டு சுவிட்சுகள்தான்.

நிஜ லாரிகளில் வரும் ஈட்டன் ஃபுல்லர் 18 வேக கியர்பாக்ஸைப் பாருங்கள். லிவர் போய் நிற்கும் இடங்கள் ஆறுதான்: ரிவர்ஸ், எல் (எல்லாவற்றிலும் மெதுவான கியர்), அப்புறம் 1 முதல் 4 வரை. கீழ் ரேஞ்சில் எல்லோடு சேர்த்து ஐந்து, மேல் ரேஞ்சில் இன்னொரு நான்கு, ஆக ஒன்பது. ஒவ்வொன்றையும் ஸ்ப்ளிட்டர் இரண்டாகப் பிரித்தால் 18. ஆகவே நமக்கு வேண்டியது ஆறு மைக்ரோ சுவிட்சும், கைப்பிடிக்கு இரண்டு சுவிட்சும்தான்.

வாங்க வேண்டியவை

சுவிட்சுகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் போர்டு வாங்கும்போது கவனம். ஆர்டுயினோ ஊனோ வேண்டாம். அது தன்னை ஒரு ஜாய்ஸ்டிக்காகக் கம்ப்யூட்டருக்குக் காட்டிக்கொள்ளாது. ஏடிமெகா32யு4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோ (5 வோல்ட் வகை) அல்லது லியனார்டோ வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு போதும்; மற்றவர்கள் ஆன்லைனில் வாங்கலாம். மைக்ரோ சுவிட்சில் உருளை வைத்த தகடு இருக்கும் வகையைக் கேளுங்கள்.

மற்றபடி 12 மி.மீ. வெளிவிட்டமுள்ள இரும்புக் குழாய் (இதுதான் லிவர்), 6 மி.மீ. பிளைவுட், இரண்டு இழுவை ஸ்பிரிங், ஆறு சின்ன நியோடிமியம் காந்தம், சாக்கெட் ஸ்பேனர் செட்டில் வரும் யுனிவர்சல் ஜாயின்ட் ஒன்று. குழாய் இரும்பாகவே இருக்கட்டும், அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது.

படி 1: அடி மூட்டு

யுனிவர்சல் ஜாயின்ட்டின் ஒரு முனையைக் கனமான இரும்புத் தகட்டிலும் மறுமுனையைக் குழாயின் அடியிலும் பற்றவைக்க வேண்டும். பக்கத்து வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் உடனே முடித்துத் தருவார்கள். பலர் இதற்குப் பந்து மூட்டு போடுகிறார்கள். அதில் லிவர் தன்னைத்தானே சுற்றும், ரேஞ்ச் சுவிட்ச் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்கும். யுனிவர்சல் ஜாயின்ட் நாலு பக்கமும் சாயும், ஆனால் சுற்றாது.

படி 2: கேட்

கேட் என்பது லிவர் நகரும் பாதையை வெட்டிய பலகை. இதில்தான் நிதானம் வேண்டும். கியர் போடும்போது கைக்குக் கிடைக்கும் உணர்வு முழுக்க இந்தப் பலகையிலிருந்துதான் வருகிறது. மின்வேலையை ஒரே மாலையில் முடித்துவிடலாம். கேட்டுக்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கினாலும் தகும்.

மூட்டிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் பலகை நிற்க வேண்டும். கைப்பிடி 35 செ.மீ. உயரத்தில் இருந்தால், பலகையில் லிவர் 25 மி.மீ. நகரும்போது கை 7 செ.மீ.க்கு மேல் நகரும். லாரிக்கு அந்த நீளமான வீச்சு அவசியம்.

பலகையில் மூன்று வரிசைகளை 28 மி.மீ. இடைவெளியில் வரையுங்கள். நடுக்கோட்டிலிருந்து முன்னும் பின்னும் 25 மி.மீ. தள்ளி ஆறு புள்ளிகள். ஆறிலும் 14 மி.மீ. துளை போட்டு, ஜிக்சாவால் துளைகளை இணைத்து, குறுக்கே நியூட்ரல் பாதையையும் வெட்டிவிடுங்கள். 12 மி.மீ. குழாய்க்கு எதற்கு 14 என்றால், ஓர வரிசைகளில் குழாய் சாய்ந்து நிற்கும். சாய்ந்த குழாய் பலகையின் தடிமனுக்குள் அதிக அகலம் பிடிக்கும். 12 மி.மீ. பிளைவுட் போட்டால் 14-உம் போதாமல் இறுகிக்கொள்ளும். மெல்லிய பலகை சொல்வது அதனால்தான். நியூட்ரலிலிருந்து வரிசைக்குள் நுழையும் மூலைகளை அரத்தால் ராவி வளைத்துவிடுங்கள். கூர்மையாக விட்டால் ஒவ்வொரு கியரிலும் குழாய் அங்கே முட்டி நிற்கும்.

லிவரை நடு வரிசைக்கு இழுக்கும்படி இருபுறமும் ஸ்பிரிங் மாட்டுங்கள். ஆறு முனைகளிலும் மரத்துக்குள் சற்றே உள்வாங்கினாற்போல் காந்தத்தை ஒட்டினால், கியர் விழும்போது கடைசி சில மில்லிமீட்டரில் லிவரை அதுவே பிடித்து இழுக்கும். கியர் உட்கார்ந்துவிட்டது என்று கைக்கே தெரியும்.

படி 3: சுவிட்சுகள்

மைக்ரோ சுவிட்சைப் பலகையின் அடிப்பக்கம் பொருத்துங்கள். 'டிக்' சத்தம் முதலில் கேட்க வேண்டும், அதற்குப் பிறகே குழாய் மரத்தில் மோத வேண்டும். குழாயை நிறுத்துவது மரம். அந்த அடி சுவிட்சில் விழுந்தால் சீக்கிரம் உடையும்.

சுவிட்சில் மூன்று கால்கள் உண்டு. பொதுக் காலை (சி) போர்டின் கிரவுண்டுக்கும், என்.ஓ. காலை (அழுத்தினால் மட்டும் இணைவது) போர்டின் ஒரு பின்னுக்கும் சால்டர் செய்யுங்கள். கியர்களுக்கு 2 முதல் 7 வரையிலான பின்கள், ரேஞ்சுக்கு 8, ஸ்ப்ளிட்டருக்கு 9. கைப்பிடி ஒயர்களைக் குழாய்க்குள் விட்டு, மூட்டுக்குச் சற்று மேலே துளை போட்டு வெளியே எடுங்கள். அந்த இரண்டும் தள்ளிய நிலையிலேயே நிற்கும் வகையாக இருக்கட்டும், கையை எடுத்ததும் திரும்பி வரும் அழுத்து பொத்தான் வேண்டாம்.

ப்ரோ மைக்ரோவின் யு.எஸ்.பி. வாய் பலவீனமானது, இழுத்தால் பிய்ந்துவிடும். கேபிளைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

படி 4: நிரல்

ஆர்டுயினோ மென்பொருளில் போர்டாக லியனார்டோவைத் தேர்ந்தெடுத்து, மேத்யூ ஹெய்ரோனிமஸ் எழுதிய ஜாய்ஸ்டிக் லைப்ரரியை (தயார் நிரல் தொகுப்பு) சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு பொத்தான் மட்டும் கேளுங்கள். அச்சுகள் (ஜாய்ஸ்டிக்கின் நகர்வு உள்ளீடுகள்) எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். எல்லாப் பின்களுக்கும் உள் புல்-அப் (சுவிட்ச் அழுந்தாதபோது பின்னை ஒன்றில் வைத்திருக்கும் உள் மின்தடை) போட வேண்டும், அப்போது சுவிட்ச் அழுந்தினால் பின் பூஜ்யத்தைக் காட்டும். தொடர்ந்து எட்டுப் பின்களையும் படித்து, பூஜ்யமாக இருப்பதை 'அழுத்தப்பட்டது' என்று அனுப்பினால் சரி. சுற்றுக்குச் சுற்று 10 மில்லிவினாடி இடைவெளி விடுங்கள், சுவிட்சின் அதிர்வு அதில் அடங்கிவிடும்.

விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஒரு கியருக்கு ஒரு விளக்குதான் எரிய வேண்டும், நியூட்ரலில் ஆறும் அணைந்திருக்க வேண்டும்.

படி 5: விளையாட்டுக்குள்

அமைப்புகளில் கியர் வகையை எச்-ஷிஃப்டருக்கு (லிவரை வரிசைகளில் தள்ளிக் கியர் போடும் வகை) மாற்றி, ஆறு இடங்களையும் இரண்டு சுவிட்சுகளையும் ஒதுக்குங்கள். பழகுவதற்கு முதலில் ஈட்டன் ஃபுல்லர் 10 வேகத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் ரேஞ்ச் மட்டும்தான். கீழ் ரேஞ்சில் ஐந்து, அதே இடங்களில் மேல் ரேஞ்சில் ஐந்து. நிஜ லாரியில் ஐந்தாம் கியரில் இருக்கும்போதே ரேஞ்சை மேலே தட்டிவிடுவார்கள், லிவர் நியூட்ரலைக் கடக்கும்போது காற்றழுத்தம் அதை மாற்றிவிடும். விளையாட்டில் லிவர் நியூட்ரலுக்கு வந்த பிறகு தட்டுவது பாதுகாப்பு. இது கைக்கு வந்ததும் 18-க்குப் போகலாம்.