மாலத்தீவுக் கடலுக்கும் ஒகேனக்கல்லுக்கும் ஒரே உடுப்பு

வெளிநாட்டிலிருந்து லீவுக்குப் பெங்களூரில் இறங்கி தர்மபுரிக்கு வருகிற நம்மவர்களில் பலர் இப்போது மாலத்தீவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கடல் குளிருமோ என்று யோசிக்கவே வேண்டாம். வருஷம் முழுக்கத் தண்ணீர் 28 முதல் 30 டிகிரிக்குள்தான் இருக்கும். ஜெர்மனியில் ஏரிக்குப் போடும் தடித்த ரப்பர் உடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அங்கே மாறுவது காற்றும் அலையும்தான். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, மழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும்.

வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கோ லீவு ஜூலை, ஆகஸ்டில். அதே பருவக்காற்றுதான் குடகிலும் வயநாட்டிலும் மழையைக் கொட்டி, கபினியையும் கிருஷ்ணராஜ சாகரையும் நிரப்பி, ஒகேனக்கல்லில் வெள்ளமாக வந்து நிற்கிறது. ஆடிப்பெருக்குக்குக் குளிக்கப் போகலாம் என்று சொந்தக்காரர்கள் வேன் பேசுவதும் அப்போதுதான். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று முந்தின ராத்திரியே செய்தியில் பார்த்துவிடுங்கள். வரத்து ஏறினால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள். பொங்கலையொட்டி வர முடிந்தால் கடலும் ஆறும் சேர்ந்து கைகொடுக்கும்.

இனி உடுப்பு. இதை மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. முழங்கால் வரை வரும் நீச்சல் உடைதான் போட்டிருந்தாள். தண்ணீர் குறைந்து தடையும் நீங்கியிருந்த நாள். மெயின் அருவிக்குப் போகும் வழியிலேயே பெரியம்மா நின்றுவிட்டார். "வயசுக்கு வந்த பொண்ண இப்படியேவா தண்ணியில எறக்குவ? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" பையிலிருந்து தன் நைட்டியை எடுத்து அவள் தலை வழியாகப் போட்டும் விட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் பக்கத்தில் இருந்தது பெரியம்மா; நான் வீடியோவில்தான் இருந்தேன். அவரிடம் எந்த வாயால் பேசுவது?

நனைந்ததும் அந்தப் பருத்தி நைட்டி பாசிப் பாறையில் அவள் இரண்டு காலையும் சுற்றிக்கொண்டது. கம்பியைப் பிடிப்பதற்குள் விழுந்தாள். முழங்காலில் ஒட்டிய துணியைப் பெரியம்மாவே மெதுவாகப் பிரித்து, ரத்தத்தைத் தன் முந்தானையால் ஒற்றினார். அப்போதும் "கீழ பாத்து நடக்கக் கூடாதா கண்ணு" என்றுதான் சொன்னார். வறுத்த மீன் இலையிலேயே ஆறிக் கிடந்தது. ஊர் திரும்பும் வரை மகள் அவரிடம் பேசவில்லை. அடுத்த லீவுக்கு வருவாளா என்றே தெரியவில்லை.

அதனால் சொல்கிறேன், பெண் பிள்ளைகளுக்கு முழுக்கையும் கணுக்கால் வரை காலும் உள்ள, உடம்போடு ஒட்டிய லைக்ரா உடுப்பை வெளிநாட்டிலேயே வாங்கிவிடுங்கள். மேலே தொடை வரை ஒரு மெல்லிய டாப்ஸ் போட்டால் எந்தப் பெரியம்மாவும் நைட்டியை எடுக்க மாட்டார். துப்பட்டா மட்டும் வேண்டாம். மாலத்தீவிலும் இதுவே உதவும். ரிசார்ட்டுகளில் பிகினிக்குத் தடை இல்லை. உள்ளூர் மக்கள் வசிக்கும் தீவுகளிலோ, பிகினிக்கென்று ஒதுக்கிய கடற்கரை தவிர மற்ற இடங்களில் உடம்பை மூடித்தான் ஆகவேண்டும். மூடினால் அந்த வெயிலில் முதுகும் தோளும் வெந்து போகாது. பவளப்பாறைக்குப் போடும், பாதத்தை மூடிய ரப்பர் ஷூ ஒகேனக்கல் பாறையிலும் ஓரளவு பிடிக்கும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்தம் இருந்தால் ஓசூர் கெலவரப்பள்ளி அணையைக் காட்டக் கூப்பிடுவார்கள். தென்பெண்ணையில் பெங்களூர்க் கழிவு வந்து நுரை பொங்கும் இடம் அது. பிள்ளைகளைக் கால் நனைக்கவும் விடாதீர்கள்.

ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜுக்கு உட்காரும் ஆண்கள் நல்ல நீச்சல் டவுசரோடு உட்கார வேண்டாம். எண்ணெய்க் கறை போகவே போகாது. பழைய கைலி ஒன்று கொண்டுபோங்கள்.