பாதியில் நிற்கும் கேமை முடிப்பது எப்படி

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் விடிகாலையில் பூ மூட்டை இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதைப் பார்த்த அன்றுதான் நானும் என் நண்பனும் ஒரு பூக்கடை கேம் செய்யலாம் என்று முடிவு செய்தோம். பூ வாங்கணும், கட்டணும், முழம் அளந்து விற்கணும், தமிழில் கேட்பவருக்குத் தமிழிலும் கன்னடத்தில் கேட்பவருக்குக் கன்னடத்திலும் பதில் சொல்லணும். இரண்டு வாரத்தில் ஓரளவு ஓடுகிற பில்ட், அதாவது ஆடிப் பார்க்கக்கூடிய ஒரு பதிப்பு, வந்துவிட்டது. அதை முழு கேமாக முடிக்க இரண்டரை வருடம் ஆனது, நடுவில் எட்டு மாதம் அந்த ஃபோல்டரையே திறக்கவில்லை. அப்படி நடுவில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொடங்குவதற்கு வீடியோ ஆயிரம் இருக்கிறது, முடிப்பதற்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடுவது. ஆபீஸ் முடிந்து அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் ஊர்ந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு, வாரத்துக்கு எட்டு மணி நேரம் கிடைத்தால் அதுவே பெரிது. வருடத்துக்கு 416 மணி நேரம். வாரம் 40 மணி நேர வேலையாகப் பார்த்தால் பத்து வாரம் சொச்சம், அவ்வளவுதான். ஸ்டார்ட்யூ வேலி என்ற விவசாய கேமை ஒரே ஆள் செய்தார் என்று எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், உண்மைதான், ஆனால் 2016-ல் அது வெளிவரும் முன் அவர் சுமார் நாலரை வருடம் அதிலேயே கிடந்தார். வாரத்துக்கு 40 மணி நேரம் என்று குறைத்தே வைத்தாலும், அதே வேலை உங்கள் எட்டு மணி நேரத்தில் 22 வருடத்துக்கு மேல் போகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அன்றைக்குத்தான் எங்கள் திட்டம் முதல் முறையாகச் சரியான அளவுக்கு வந்தது.

முதலில் போட்ட திட்டத்தில் 30 நாள் கதை, 12 வகைப் பூ, மழை, வட்டிக் கடன், எதிர்க்கடைக்காரர், ஒரு காதல், எல்லாம் இருந்தது. வெளியான கேமில் 7 நாள், ஒரே கடை, நாலு பூ: மல்லி, கனகாம்பரம், சாமந்தி, ரோஜா. எதை வெட்டுவது என்று தெரியாமல் தவித்தபோது ஒரே கேள்வி உதவியது. இதை எடுத்துவிட்டால் ஆடுகிறவர் கையால் செய்யும் வேலை மாறுமா? மழை அழகாக இருந்தது, எடுத்தோம், எதுவும் மாறவில்லை. வரமகாலட்சுமி பண்டிகையன்று பூ விலை எகிறுவதை எடுத்துப் பார்த்தோம், முந்தின நாள் எவ்வளவு வாங்கி வைப்பது என்ற பதற்றமே போய்விட்டது, உடனே திருப்பிச் சேர்த்தோம். வட்டிக்காரர் கதையை என் நண்பன் இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தான், அதை எடுக்கத்தான் மனசே வரவில்லை. வெட்டியதை அழிக்காதீர்கள், ‘அடுத்த கேம்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள். எழுதியவருக்கு அது பெரிய ஆறுதல்.

சின்னதாக இருந்தால் யார் மதிப்பார்கள் என்று கவலைப்பட வேண்டாம். டொரொண்டோவிலிருந்து 2023-ல் வந்த ‘வெண்பா’ என்ற கேம், ஒரு தமிழ்க் குடும்பமும் அதன் சமையலறையும்தான், ஒரு சாயங்காலத்தில் ஆடி முடித்துவிடலாம். அடுத்த வருடம் அதற்கு சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

வெட்டி முடித்ததும், தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு தடவை ஆடக்கூடியதாகக் கேமைக் கட்டிவிடுங்கள், பார்க்க எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. மெனு, ஆட்டம், ஜெயிப்பது, தோற்பது, முடிவுத் திரை. பூவுக்குப் பதில் கலர் கட்டம் போதும். நாங்கள் முதல் நாளை மட்டும் மாதக்கணக்கில் மெருகேற்றிக்கொண்டே இருந்தோம், ஏழாம் நாள் எப்படி முடியும் என்பதே எங்களுக்குத் தெரியாது, அந்த எட்டு மாத இடைவெளி வந்ததும் அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியாத ஃபைலை, களைத்துப் போன ஒரு புதன்கிழமை ராத்திரி திறக்க யாருக்கும் கை வராது. ஏழு நாளும் கட்டங்களாக ஓடத் தொடங்கியதும், ‘இன்றைக்கு நாலாம் நாளின் சத்தம்’ என்று ஒரு துண்டை எடுத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுத் தூங்கப் போக முடிந்தது.

இந்தக் கட்டத்தில்தான் புதிதாக ஒரு அருமையான ஐடியா வரும். எழுதி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். ரொம்பவே அரித்தால் லூடம் டேர் போன்ற, குறிப்பிட்ட கெடுவுக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் கேம் ஜாமில் 48 மணி நேரம் அதைச் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள், சின்னதாக ஒன்றை முடித்த பழக்கமும் கூடவே வரும்.

அப்புறம், யாரும் திட்டத்தில் எழுதாத வேலைகள். சேவ், ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைப்பது, ஒலியைக் கூட்டிக் குறைப்பது, ஆட்டத்தின் நடுவே போன் வந்தால் என்ன ஆகும், சின்னத் திரையில் பட்டன் வெளியே போகிறதா. இதற்கெல்லாம் உங்கள் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது ஒதுக்குங்கள், எங்களுக்கு அதற்கும் மேல் ஆனது. தமிழில் கேம் செய்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, எழுத்து. ‘கொ’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு இடப்பக்கம் போய் நிற்க வேண்டும், ‘மு’, ‘பூ’ எல்லாம் மெய்யும் குறியும் சேர்ந்து ஒரே வடிவமாக வர வேண்டும். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் (கேம் செய்யும் மென்பொருள்) எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ இதைத் தானாகச் செய்யாது. பூக்கடை கேமில் ‘பூ’ என்ற எழுத்தே உடைந்து தெரிந்ததைப் பார்த்தபோது எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. 2023-ல் வந்த கோடோ 4 எஞ்சினில் இந்த எழுத்து சேர்க்கும் வேலை உள்ளேயே இருக்கிறது, கன்னடத்துக்கும் சேர்த்துத்தான். நீங்கள் எந்த எஞ்சினில் இருந்தாலும் சரி, முதல் வாரமே ‘கொடுங்க’, ‘பூ’, ‘முழம்’ மூன்றையும் திரையில் போட்டுப் பாருங்கள், கடைசி மாதத்தில் தெரிந்தால் மனசு விட்டுப்போகும்.

பாதி முடிந்ததும் வெளியாட்களிடம் கொடுத்து ஆடச் சொல்லுங்கள், அதுவும் உங்களைப் போலக் கேம் செய்யாதவர்களிடம். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூ விற்கும் ஒரு அக்காவிடம் போனைக் கொடுத்தேன். நாங்கள் அளப்பதற்கு ‘ஒரு முழம்’, ‘இரண்டு முழம்’ என்று பட்டன் வைத்திருந்தோம். அவர் பட்டனைப் பார்க்கவே இல்லை, திரையில் இருந்த சரத்தின் நுனியில் விரலை வைத்து இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தார். “ஏம்பா, கையில அளக்காம எப்படிப்பா விக்கிறது?” என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். விளக்கம் சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன், அதற்கு இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன். நீங்களும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, எங்கே விரல் தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரமே பட்டன்களை எடுத்துவிட்டு இழுத்து அளக்கும்படி மாற்றினோம், இப்போது கேமை ஆடுபவர்கள் முதலில் சொல்வதே அந்த இழுவையைப் பற்றித்தான்.

இருவராகச் செய்தால் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒன்றாக உட்காருங்கள், அந்த வாரத்து பில்டை இருவரும் முழுதாக ஆடுங்கள். வருமானப் பங்கை ஆரம்பத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், எவ்வளவு நெருங்கிய நட்பாக இருந்தாலும்.

கடைசியாக வெளியிடும் தேதி. மனசுக்குள் வைத்திருக்கும் தேதி தள்ளிக்கொண்டே போகும், வெளியிலிருந்து ஒரு கெடு வேண்டும், அதைக் கேம் விற்கும் ஆன்லைன் கடைகளின் விதிகளே தரும். ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும், முதல் கேம் என்றால் கட்டிய பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும், ‘விரைவில்’ என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரம் வெளியில் இருக்க வேண்டும். கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே தடவை 25 டாலர், புதிய தனிநபர் கணக்கு என்றால் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். இந்த 12 பேரைக் கடைசி நேரத்தில் தேடாதீர்கள், சித்தப்பா, ஆபீஸ் நண்பர், பக்கத்து ஃபிளாட் பையன் என்று இரண்டு மாதம் முன்பே பேசி வையுங்கள், 15 பேராக இருந்தால் ஒருவர் நடுவில் விலகினாலும் கவலையில்லை. இட்ச்.ஐஓ என்ற தளத்தில் காசு இல்லாமலே ஏற்றலாம், நாங்கள் முதலில் அங்கேதான் போட்டோம்.

வெள்ளிக்கிழமை வெளியிடாதீர்கள். நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை வெளியிட்டோம், புதன் வியாழன் இரண்டு நாளும் ஆபீஸில் லீவு சொல்லியிருந்தோம். வெளியிட்ட அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கே, பழைய போனில் கேமின் மூன்றாம் நாள் முடிந்ததும் சேவ் அழிந்துபோகிறது என்று ஒருவர் எழுதினார், விடிவதற்குள் சரிசெய்து புது பில்டை ஏற்றினோம்.