பிறந்தநாள் வாழ்த்திலிருந்து ஐசி நம்பர் வரை

முகநூலில் பிறந்த தேதியை வருஷத்தோடு போட்டு, சொந்த ஊர் பினாங்கின் பட்டர்வொர்த் என்றும் எழுதி, அதை ஊருக்கே திறந்து வைத்திருக்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. உங்கள் ஐசியை, அதாவது மலேசிய அடையாள அட்டையை, கையில் எடுத்துப் பாருங்கள். 12 எண்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் பெரும்பாலும் 07, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி எண் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஒருவர் 1990 மே 14-இல் பினாங்கில் பிறந்தார் என்று தெரிந்தாலே 900514-07 வரை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், மிச்சம் நான்கே எண்கள். இந்த எட்டு எண்களைக் கடகடவென்று சொல்லிவிட்டு, "வருமான வரி அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்" என்று ஒருவன் போனில் மிரட்டினால் நம் அப்பா அம்மா நம்பிவிடுவார்கள். அதனால் முதல் வேலையாக, பிறந்த தேதிக்குப் பக்கத்தில் 'ஒன்லி மீ' என்று மாற்றுங்கள். வாழ்த்த வேண்டியவர்களுக்கு உங்கள் பிறந்தநாள் எப்படியும் தெரியும்.

அடுத்தது வாட்ஸ்அப். "அக்கா, என் கோட் தவறுதலாக உங்கள் நம்பருக்கு வந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்களேன்" என்று தெரிந்த தங்கச்சி நம்பரிலிருந்தே செய்தி வரும். அனுப்பாதீர்கள். எஸ்எம்எஸ்ஸில் வந்த அந்த ஆறு எண் கோட்தான் உங்கள் வாட்ஸ்அப் கணக்கின் சாவி, தங்கச்சியின் கணக்கு ஏற்கெனவே வேறொருவன் கையில் இருக்கிறது. இப்போதே செட்டிங்ஸில் அக்கவுண்ட் போய், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைத் திறந்து ஒரு பின் நம்பர் வையுங்கள், மறந்தால் மீட்க ஒரு மின்னஞ்சலும் கொடுங்கள். தயவுசெய்து பிறந்த தேதியையே பின்னாக வைக்காதீர்கள். அப்புறம் லிங்க்ட் டிவைசஸில் தெரியாத கணினி ஏதும் இருந்தால் உடனே லாக் அவுட் செய்யுங்கள். கல்யாணப் பத்திரிகை என்று, போனில் செயலியை நிறுவும் ஏபிகே ஃபைல் வந்தால் திறக்கவே கூடாது. பத்திரிகை படமாக வரும், செயலியாக வராது.

தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ போனால், படங்களை வீடு திரும்பிய பிறகு போடுங்கள். அங்கிருந்தே போட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று நாமே அறிவித்த மாதிரி. பிள்ளையின் பள்ளிச் சின்னமும் பெயர்ப்பட்டையும் தெரியும் படத்தைப் பாட்டிக்குத் தனியாக அனுப்பினால் போதுமே.

முகநூலில் பொருள் வாங்கும்போது, பணம் போடும் முன் விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணைப் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பாருங்கள். அதில் புகார் எதுவும் இல்லை என்பதாலேயே ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது, ஆனால் புகார் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக்குத் தள்ளாதீர்கள். உடனே மோசடிப் புகார்களுக்கான 997-க்கோ உங்கள் வங்கிக்கோ அழையுங்கள், பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள். பிறகு போலீஸ் ரிப்போர்ட். வாட்ஸ்அப் பறிபோயிருந்தால் உங்கள் போனில் அதே நம்பரை மறுபடி பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் கோடைப் போடுங்கள், கணக்கைத் திருடியவன் வெளியேற்றப்படுவான். அதற்குள் உங்கள் பெயரில் யாரிடமாவது காசு கேட்டிருப்பான், ஆகவே சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொல்லுங்கள்.