புராசசர் சூட்டைப் பார்க்க மென்பொருள் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மே மாதக் கடைசியில் ஒரு மத்தியான வேளை. டெல்லி ஆர்.கே. புரத்திலிருந்து மாமா போன் செய்தார். சொந்த மாமா இல்லை, அங்கே இருக்கும் மலை மந்திர் முருகன் கோயில் பழக்கத்தில் மாமா ஆனவர். குரலில் பதற்றம். "கம்ப்யூட்டர் 127 டிகிரி காட்டறதுப்பா. பயந்துபோய் அணைச்சுட்டேன். நேரு பிளேஸ் போய் புராசசருக்குப் புது கூலர் வாங்கி மாட்டிடட்டுமா?"

"அவசரப்படாதீங்கோ மாமா, நான் வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கம்ப்யூட்டரைப் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டு, கேபினெட்டின் பின்பக்கம் காற்று வெளியேறும் இடத்தில் கையை வைத்தேன். வெதுவெதுப்புதான். திரையில் இருந்த மென்பொருளில் வரிசையாகப் பத்துப் பதினைந்து எண்கள். அதில் 'ஆக்ஸ்டின்' என்ற வரிக்கு எதிரே 127 என்று இருந்தது, பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. இன்னும் கீழே போனால், கம்ப்யூட்டரின் மூளையான புராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிகள், அதாவது கோர்கள், நான்கும் 52, 54, 51, 53.

ஆக்ஸ்டின் என்பது மதர்போர்டில் உள்ள சென்சார் சிப்பின் ஒரு கால், அதாவது பின். கூடுதலாக ஒரு வெப்ப உணரியை இணைத்துக்கொள்ள விட்டிருக்கும் இடம். பல போர்டுகளில் அங்கே எதையும் இணைத்திருக்க மாட்டார்கள். வெறுங்காலைப் படிக்கும்போது 127 என்றோ, பூஜ்யத்துக்கு ரொம்பக் கீழே ஒரு எண்ணோ வரும். அது எதனுடைய சூடும் இல்லை. மாமாவின் மென்பொருள் அதையும் மற்ற எண்களோடு சேர்த்து, சிவப்புப் புள்ளியும் வைத்துக் காட்டிவிட்டது.

நான் பார்த்தவரை எல்லோரும் செய்யும் முதல் தவறு இதுதான். எண் பெரிதாக, வண்ணமாகத் தெரிகிறதா என்று பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த எண் எந்த சென்சாரிலிருந்து வருகிறது என்று அது சொல்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். புராசசருக்கு உள்ளேயே சென்சார்கள் இருக்கின்றன. மதர்போர்டில் தனியாகச் சில இருக்கின்றன. 'சிபியூடின்' என்று பெயர் இருப்பதால் அதுதான் புராசசர் சூடு என்று நினைத்துக்கொள்வார்கள். அது மதர்போர்டு சிப் தரும் கணக்கு, உள்ளே இருக்கும் கோரின் சூட்டுக்கும் அதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கலாம். 'கோர் 0', 'கோர் 1' என்றோ முழு சிப்பைக் குறிக்கும் 'பேக்கேஜ்' என்றோ இருக்கும் வரியைப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. சில சின்ன விட்ஜெட்டுகள் விண்டோஸிடம் 'தெர்மல் ஜோன்' என்ற ஒன்றைக் கேட்டு வாங்கிக் காட்டும். என் பழைய லேப்டாப்பில் அது காலையிலும் 27.8, வீடியோ எடிட் செய்து ஃபேன் அலறும்போதும் 27.8. பயாஸில், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளில், எழுதி வைத்த மாறாத எண்ணையே சில கம்ப்யூட்டர்கள் இப்படித் திருப்பித் தருகின்றன. டெல்லியில் மே மாதம் அறையே 27 டிகிரியில் இருக்காதே! கனமான வேலை கொடுத்தும் எண் அசையவில்லை என்றால் அந்த மென்பொருளை எடுத்துவிடுங்கள். அப்புறம், விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் தெரியும் வெப்பநிலை கிராபிக்ஸ் கார்டுடையது. அதைப் புராசசர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்த தவறு, பல வருடமாகப் புதுப்பிக்காத மென்பொருளைப் புதுப் புராசசரில் போடுவது. இன்டெல் சிப்பில் இருக்கும் சென்சார் 'நான் 60 டிகிரி' என்று சொல்லாது. 'உச்ச வரம்புக்கு இன்னும் 40 டிகிரி இருக்கிறது' என்றுதான் சொல்லும். வரம்பிலிருந்து அதைக் கழித்து நமக்குக் காட்டுவது மென்பொருளின் வேலை. பல இன்டெல் சிப்புகளுக்கு வரம்பு 100, எல்லாவற்றுக்கும் இல்லை. மென்பொருள் வரம்பைத் தவறாக எடுத்துக்கொண்டால் விடையும் அதே அளவுக்குத் தவறும். இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி சிப்புகளில் வேறு கதை. 2017இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் ஃபேன் கட்டுப்பாட்டுக்காக உண்மையான சூட்டைவிட 20 டிகிரி கூட்டியே தெரிவித்தன. இதை அறியாத மென்பொருளைப் பார்த்துக் கூலரை மாற்றியவர்கள் உண்டு. சூட்டைக் காட்டும் ஸ்பீட்ஃபேன் என்ற மென்பொருள் ஒரு காலத்தில் எல்லோர் கம்ப்யூட்டரிலும் இருந்தது, நானும் வைத்திருந்தேன். இன்றைய சிப்புக்கு அது வேண்டாம். ஓப்பன் ஹார்ட்வேர் மானிட்டருக்குப் பதில் அதிலிருந்து கிளைத்த லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டரைப் போடலாம்.

பாதுகாப்பு விஷயத்தைத்தான் நம்மவர்கள் ரொம்ப அலட்சியமாக விடுகிறார்கள். புராசசரின் உள் சென்சாரைப் படிக்க, விண்டோஸின் அடிமட்டம் வரை போகும் டிரைவர் என்ற துணை மென்பொருள் ஒன்று வேண்டும். இப்படிப் பல மென்பொருள்கள் வருடக்கணக்கில் பயன்படுத்திய 'வின்ரிங் ஜீரோ' டிரைவரில் ஓட்டை இருப்பது 2020இலேயே வெளியில் வந்தது. 2025 மார்ச்சில் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதைப் பிடித்து நிறுத்த ஆரம்பித்தது. உடனே பலர் செய்தது டிஃபெண்டரை அணைத்து வைத்ததுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சூட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வீட்டுக் கதவைத் திறந்து போட வேண்டியதில்லை. வேறு டிரைவருக்கு மாறிய புதுப் பதிப்பை எடுங்கள், அல்லது எச்டபிள்யூஇன்ஃபோ போலத் தனக்கென்று டிரைவர் வைத்திருப்பதைப் போடுங்கள். எதுவானாலும் தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'ஒரே கிளிக்கில் புராசசரைக் குளிர்விக்கும்' என்று சொல்லும் எதையும் தொடவே தொடாதீர்கள்.

சரி, ஒன்றுக்கு இரண்டாக ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாமா? ஒரே நேரத்தில் வேண்டாம். இரண்டும் ஒரே சிப்பைக் கேள்வி கேட்டு முட்டிக்கொண்டால் எண்கள் தாறுமாறாகும். லேப்டாப்பில் சில சமயம் ஃபேன்கூடத் திணறும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேடலே தேவையில்லை, எல்எம் சென்சார்ஸ் என்ற மென்பொருள் போதும்.

இன்னொரு தவறு, இந்த நொடியின் எண்ணை மட்டும் காட்டும் மென்பொருளைப் போட்டு வைத்துக்கொள்வது. ஒரு பிரவுசர் டேப் திறந்தாலே பத்து டிகிரி ஏறி இறங்கும். அந்தத் துள்ளலைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. குறைந்தது, அதிகபட்சம், சராசரி மூன்றும் இருக்க வேண்டும். சூடு தாங்காமல் புராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டதா என்று சொல்லும் 'தெர்மல் த்ராட்லிங்' வரி இருந்தால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால் எண்ணைவிட அந்த 'ஆம், இல்லை'தான் முக்கியம். ரைசன் 7000 வரிசையில் பல சிப்புகள் முழு வேலையில் 95 டிகிரி வரை போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. எல்லாவற்றுக்கும் 80இல் அலாரம் வைத்தால் அது கத்திக்கொண்டே இருக்கும், நாளடைவில் நீங்களும் அதைக் கவனிக்க மாட்டீர்கள்.

டெல்லிக்காரர்கள் அறையின் சூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜனவரியில் 15 டிகிரி அறையில் ஓடிய அதே கம்ப்யூட்டர் ஜூனில் 38 டிகிரி அறையில் ஓடும்போது, கூலர் எவ்வளவு நல்லதானாலும் புராசசர் கிட்டத்தட்ட அந்த 23 டிகிரியையும் சேர்த்துத்தான் காட்டும். அறை சூட்டுக்கும் புராசசர் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள்.

மாமா அக்கவுண்ட்ஸ் இலாகாவில் இருந்து ரிட்டையர் ஆனவர். சொன்ன அன்றே ஒரு நோட்டு போட்டுவிட்டார். தேதி, அறை, புராசசர் அதிகபட்சம், வித்தியாசம் என்று நான்கு பத்தி. சுவரில் ஒரு தெர்மாமீட்டர். ஜூன் முதல் வாரம் வித்தியாசம் 24. ஆகஸ்டில் அதே வேலைக்கு 33. நோட்டைக் கையில் கொடுத்து, "அறை சூடு குறைஞ்சிருக்கு, இது ஏறியிருக்கே?" என்றார். கேபினெட்டைத் திறந்தோம். புராசசர் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே, ஆந்தி என்ற டெல்லிப் புழுதிக்காற்றில் வந்த புழுதி போர்வை மாதிரி அடைத்திருந்தது. ப்ளோயர் வைத்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதி எடுத்தோம். மறுநாள் நோட்டில் 25 என்று எழுதியிருந்தார்.